ரொறன்ரோவுக்கு நேர் விமானம் ஏன் இல்லை?

(நூற்றாண்டு விழா ஏற்பாடுகள் தொடர்பாக நடைபெற்ற கிளைச் சங்கங்களின் ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த இருவர் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாவை எப்போது வைப்பது என்று கேட்டுக் கிளைகளுக்குக் கடிதம் போனபோது, திரும்பி வந்த பதில்களில் திகதியைவிட விமானச் சீட்டைப் பற்றிய முறைப்பாடுகள்தான் அதிகமாக இருந்தனவாம். கொழும்புக்கு நேர் விமானம் ஏன் இல்லை என்று ரொறன்ரோக் கிளை கேட்டிருக்கிறது. இருந்த நேர் விமானத்தை ஏன் 2016இல் நிறுத்தினார்கள் என்று பாரிஸில் இருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். லண்டன்காரருக்கு நேர் விமானம் இருக்கிறது. அவர்களுடைய கவலை ஓகஸ்ட் மாத விலை. எங்கள் இருவரில் ஒருவர் விமான ஆசனங்களுக்கு விலை போடும் பிரிவிலும், மற்றவர் சரக்குப் பிரிவிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். ஆகவே இதை நீங்களே வந்து விளக்குங்கள் என்று செயற்குழு எங்களைப் பிடித்துவிட்டது. கணக்குப் பாடத்தில் நாங்கள் எடுத்த புள்ளிகளை மறக்காத ரீச்சர் ஒருவர் முன்வரிசையில் இருந்து சிரிக்கிறார். கூட்டல் கழித்தலுக்கு மேலே போகமாட்டோம் ரீச்சர், பயப்படாதீர்கள்.

“நாங்கள் வந்த விமானத்தில் ஓர் ஆசனம்கூடக் காலியில்லை, பிறகு எப்படி நட்டம் வரும்?” என்று எங்களிடம் கேட்காதவர் இல்லை. விமானம் நிறைவது ஒன்று, உழைப்பது இன்னொன்று. ஆசனம் என்பது அன்றன்று கரைக்கு வரும் மீனைப் போன்ற பண்டம். கதவைச் சாத்திய பிறகு காலியாக இருக்கும் இடத்தை நாளைக்கென்று எடுத்து வைக்க முடியாது. ஆனால் மீன் சந்தைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சந்தையில் பொழுதுபட விலை இறங்கும். இங்கே கடைசி நேரத்தில் விலை ஏறும். ஆறு மாதத்துக்கு முன்பே திட்டமிட்டு வருகிறவருக்குக் குறைந்த விலையில் சில ஆசனங்களை விடுவார்கள். கடைசி ஆசனங்கள் சிலவற்றை, நாளைக்கே போயாக வேண்டியவருக்கு என்று பிடித்து வைத்திருப்பார்கள். நாளைக்கே போயாக வேண்டியவர் யார்? ஒப்பந்தம் எழுதப் போகும் வியாபாரி. அடுத்தது செத்தவீட்டுக்கு ஓடும் மகள். இரண்டு பேரிடமும் ஒரே விலைதான் வாங்கப்படும். வியாபாரிக்குக் கம்பனி கட்டும், மகளுக்கு யாரும் கட்டமாட்டார்கள். இது எங்களுக்கு ஒருநாளும் மனம் ஒப்பாத விடயம். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: முன்கூட்டியே வாங்கியவரின் மலிவான ரிக்கற்றின் குறையை நிரப்புவது அந்தக் கடைசி நேர விலைதான்.

இந்தத் தொழிலில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்தால் வியப்பீர்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2024 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக விமான நிறுவனங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பயணிக்குக் கிடைக்கும் தேறிய இலாபம் 6 டொலரைச் சற்றுத் தாண்டும். ஹீத்ரோவில் ஒரு கோப்பியும் ஒரு சிற்றுண்டியும் வாங்கினால் அந்தக் காசு போய்விடும். இவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கும் தொழிலில் நெடுந்தூரப் பாதைதான் ஆக மெல்லிய இடம்.

கொழும்பிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். பதினொரு மணித்தியாலப் பறப்பு. அதற்கு ஓடும் எயார்பஸ் ஏ-330 சுமார் 60 தொன் எரிபொருளைக் குடிக்கும். தரையை விட்டு எழும்பும்போது விமானத்தின் மொத்த நிறையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருள்தான். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு தொன்னிலும் மணிக்கு 3 முதல் 4 வீதம் அதைத் தூக்கிச் செல்வதற்கே எரிந்து போகும். பதினொரு மணித்தியாலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் தூரம் இரட்டித்தால் செலவு இரட்டிப்பதற்கும் மேலே ஏறும். முன்பு லண்டனுக்கு ஓடிய ஏ-340க்கு நான்கு இயந்திரங்கள். எண்ணெய் விலை ஏறியபோது அந்த விமானம் உலகெங்கும் ஓரங்கட்டப்பட்டதற்கும், அதன் இடத்துக்கு இரண்டு இயந்திரம் உள்ளவை வந்ததற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. லண்டனுக்குப் போய்த் திரும்பி வர ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் பிடிக்கும். அதே நாளில் ஒரு சிறிய விமானம் சென்னைக்குப் பல தடவை போய் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆட்கள் ஏறுவார்கள், ஒவ்வொருவரும் காசு கட்டுவார்கள். நெடுந்தூர விமானத்தில் அந்த ஒரு நாளைக்கு ஒருக்காப் போனவரும் ஒருக்கா வந்தவரும்தான். அந்த விமானத்தின் வாடகை, மேலதிக விமானிகள், அவர்களுக்கு லண்டனில் ஹொட்டேல் எல்லாம் அந்த இரண்டு பறப்புகளின் தலையில்தான் விழும்.

அப்படியானால் நெடுந்தூரப் பாதையைக் காப்பாற்றுவது யார்? சிங்கப்பூர் விமான நிறுவனத்தின் நியூயோர்க் பாதையை ஒருக்காப் பாருங்கள். 15,300 கிலோமீற்றருக்கும் மேல், பதினெட்டு மணித்தியாலத்தைத் தாண்டும் பறப்பு. 2004இல் நியூயோர்க்குக்குப் பக்கத்திலுள்ள நெவார்க் நிலையத்துக்கு ஏ-340-500 விமானத்தோடு தொடங்கினார்கள். 2008இல் சாதாரண ஆசனங்களை எல்லாம் கழற்றிவிட்டு, முழுக்க வணிக வகுப்பாக 100 ஆசனங்கள் மட்டும் போட்டார்கள். அவ்வளவு பெரிய விமானத்தில் நூறே பேர்! அதுவும் நிற்கவில்லை, நான்கு இயந்திரங்களின் எண்ணெய்ச் செலவு விடவில்லை, 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். 2018 ஒக்டோபரில், எண்ணெய் குறைவாகக் குடிக்கும் ஏ-350இன் நெடுந்தூர வகை வந்த பிறகுதான் மீண்டும் தொடங்கினார்கள். அதிலுள்ள ஆசனங்கள் 161. அவற்றில் 67 வணிக வகுப்பு, மிச்சம் 94 சற்று விசாலமான நடுத்தர வகுப்பு. நாம் வழக்கமாக ஏறும் பின்பக்க வகுப்பு அந்த விமானத்தில் கிடையவே கிடையாது. உலகத்தின் மிக நீண்ட பாதைகளில் ஒன்று, நம்மைப் போன்றவர்களை ஏற்றாமல் விட்டதால்தான் ஓடுகிறது. சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் வங்கிக்காரரும் எண்ணெய் வியாபாரிகளும் கிழமைக்குக் கிழமை போய்வருகிறார்கள். கம்பனிக் காசில் போகிறார்கள். ஒரு நிறுத்தம் மிச்சமாவதற்கு இரட்டிப்பு விலை கொடுக்கிறார்கள்.

இனிக் கொழும்புப் பாதைக்கு வாருங்கள். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ஏ-330-300இல் ஏறத்தாழ 300 ஆசனங்கள். வணிக வகுப்பு 28 மட்டும். மிச்சம் இருப்பவர்கள் யார்? உல்லாசப் பயணிகள், மாணவர்கள், அம்மாவைப் பார்க்கப் போகும் நாம். இந்தத் தொழிலில் நமக்கொரு பெயர் உண்டு: உற்றார் உறவினரைப் பார்க்கப் போகும் பயணிகள். எண்ணிக்கையில் நாம் பெரிய கூட்டம். தவறாமல் போகிற கூட்டம். யுத்தத்திலும் போனோம், பெருந்தொற்று விட்டதும் முதலில் ஓடினோம். ஆனால் சொந்தக் காசில், நாலைந்து பேர் உள்ள குடும்பமாக, இருபது பவுண் வித்தியாசத்தைப் பார்த்து, இருக்கிற பொதி அளவு முழுவதையும் நிரப்பிக்கொண்டு போகிறோம். விலை போடும் மேசையில் இருந்து பார்த்தால், நம்மால் விமானம் நிறையும். நம்மை மட்டும் வைத்து அது பிழைக்காது. பொதியைப் பற்றி ஒரு சொல்: ஒரு கிலோ கூடினாலும் அது எரிபொருளில் வரும். நிறுக்கும் இடத்தில் நிற்கும் பிள்ளையோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

இனிப் பயணிகளின் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எங்களில் சரக்குப் பிரிவில் இருந்தவருக்கு இது பிடித்த இடம். விமானத்தின் வயிற்றில் நம் பெட்டிகள் போக மிச்ச இடத்தில் கெளவள்ளை மீன், அவசரமாகக் கடைக்குப் போக வேண்டிய ஆடைகள், மரக்கறிகள் எல்லாம் பறக்கின்றன. ஈஸ்ற்ஹாமிலும் ரூற்றிங்கிலும் ஹரோவிலும் நம்மவர் கடைகளில் முருங்கைக்காயும் வல்லாரையும் கறிவேப்பிலையும் பச்சை மாறாமல் கிடைக்கிறதென்றால், அது பயணிகள் விமானத்தின் வயிற்றில் வந்த சாமான்தான். அக்காமாரே, நீங்கள் அந்த முருங்கைக்காய்க்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு, உங்கள் ரிக்கற்றின் விலையைக் கொஞ்சமாவது கீழே பிடித்து வைத்திருக்கிறது. சில பாதைகளில் இந்தச் சரக்கு வருமானம் இல்லாவிட்டால் விமானத்தை அனுப்பவே மாட்டார்கள். ஆனால் மீனுக்கு ஒரு குறை: அது ஒருவழிப் பயணி, திரும்பி வராது. கொழும்புக்கு வரும் பக்கத்துக்கு வேறு சாமான் தேட வேண்டும். அதோடு வேறு யாரோ எடுக்கும் முடிவிலும் அது தங்கியிருக்கும். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது, 2016இல்தான் எடுத்தது. கரையில் வலை இழுத்தவர்கள் பட்ட பாடு பெரிது. ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்களின் வயிற்றிலும் அந்த இடம் வெறுமையாகிப் போனது.

லண்டன் கிளையின் ஓகஸ்ட் விலை முறைப்பாட்டுக்கு மறுமொழி இனித்தான் வருகிறது. பிரித்தானியாவில் பள்ளிக்கூடங்கள் ஜூலை கடைசியில் விடுமுறை விடுகின்றன. நல்லூர்க் கொடியேற்றமும் அதை ஒட்டியே வருகிறது. இருபத்தைந்து நாள் திருவிழா, பிள்ளைகளின் விடுமுறை, கலியாணங்கள், கோவிலுக்கு வைத்த நேர்த்தி எல்லாம் அந்த ஆறு கிழமைக்குள் வந்து விழும். ஜூலைக் கடைசியில் லண்டனில் இருந்து புறப்படும் விமானம் வழிய வழிய வரும். அதே விமானம் அடுத்த நாள் கொழும்பில் இருந்து லண்டனுக்குத் திரும்பும்போது அப்படி நிறையாது. ஓகஸ்ட் கடைசியில் இது தலைகீழாகும். விமானத்துக்குப் போன வழியே திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே நீங்கள் ஓகஸ்டில் கொடுக்கும் விலைக்குள் உங்கள் ஆசனமும் இருக்கிறது, எதிர்ப்பக்கம் வெறுமையாக வந்த ஆசனமும் இருக்கிறது. மார்கழி விடுமுறையிலும் இதே கதைதான்.

லண்டன் பாதை இத்தனை காலமும் நிலைத்ததற்கு ஒரு காரணம், நாம் மட்டும் அதில் பயணிக்காததுதான். ஐரோப்பியரின் குளிர்காலத்தில், நாம் வீட்டில் இருக்கும் தை, மாசி மாதங்களில், வெள்ளைக்காரர் தென்பகுதிக் கடற்கரைக்கு வருகிறார்கள். லண்டனில் இருந்து மாலைதீவுக்கும் தென்னிந்தியாவுக்கும் போகிறவர்கள் சிலர் கொழும்பில் இறங்கி மாறுகிறார்கள். ஒரு கூட்டம் ஓயும்போது இன்னொரு கூட்டம் வருகிறது. எங்களுடைய அனுபவத்தில் ஒரு நெடுந்தூரப் பாதை நிற்குமா விழுமா என்பதை ஓகஸ்ட் மாதம் காட்டாது. வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை விமானம் காட்டும்.

இந்த இடத்தில் டோஹாவும் துபாயும் வருகின்றன. கட்டார், எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு கொழும்பு-லண்டன் பாதை தேவையில்லை. கொழும்பில் இருந்து வரும் ஒரு விமானத்தில் லண்டனுக்கு இருபது பேர், ரொறன்ரோவுக்குப் பதினைந்து பேர், ஒஸ்லோவுக்கு நான்கு பேர், சூரிச்சுக்கு ஏழு பேர் என்று இருந்தால் போதும். டோஹாவில் இறக்கிப் பிரித்து, காத்மண்டு, கராச்சி, டாக்காவில் இருந்து வந்தவர்களோடு சேர்த்து அடுத்த விமானங்களை நிறைத்துவிடுவார்கள். ஒரு கிராமத்துப் பாதையில் தனி பஸ் ஓடக் கட்டாது. ஆனால் பத்துக் கிராமத்தில் இருந்தும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு வந்து மாறினால் எல்லாப் பக்கமும் பஸ் ஓடும். அதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். நாம் எல்லோரும் நேர் விமானத்தைப் பற்றி அன்பாகப் பேசுவோம். ரிக்கற் வாங்கும் நேரம் அறுபது பவுண் குறைந்தால் டோஹா வழியாகப் போவோம். அதில் பிழையொன்றும் இல்லை. நாலு பேருக்கு 240 பவுண் சின்னக் காசா? ஆனால் பாரிஸ், பிராங்பேர்ட் நேர் சேவைகள் 2016இல் நின்றபோது அவற்றை வென்றது இந்த அறுபது பவுண்தான். 2013இல் கொழும்புக்கு மீண்டும் வந்த பிரிட்டிஷ் எயார்வேய்ஸும், மாலைதீவு வழியாக வந்தும்கூட, இரண்டு வருடம் அளவில் திரும்பிப் போய்விட்டது. பாரிஸுக்கு நேர் சேவை பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் மீண்டும் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பாதைகள் ஒரேயடியாகச் சாவதில்லை. காலம் பார்த்து உறங்கும், காலம் பார்த்து எழும்பும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு ரொறன்ரோக் கிளைக்கு மறுமொழி சொல்வது சுலபம், கேட்பதுதான் கடினம். கொழும்பில் இருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். இப்போது கொழும்பில் இருக்கும் ஏ-330 அவ்வளவு தூரம் பறக்காது. பறக்கக்கூடிய விமானத்தை வாடகைக்கு எடுத்தாலும், சிங்கப்பூர்க்காரர் செய்ததுபோல் முன்வகுப்பை நிறைக்க ஆளில்லை. ரொறன்ரோவில் நம்மவர் தொகை பெரிது, உண்மை. ஆனால் அந்தத் தொகை வருடம் முழுக்கப் பரவலாக வருவதில்லை, ஒரே காலத்தில் வருகிறது. ரொறன்ரோவில் இருந்து உறவினரைப் பார்க்க மட்டும் ஆட்கள் வரும் ஒரு விமானம், மாசியிலும் வைகாசியிலும் எப்படி உழைக்கும்? எங்களிடம் அந்தப் பாதையின் கணக்கைத் தந்து ஒப்பம் வைக்கச் சொன்னால் வைக்கமாட்டோம்.

நேர் விமானத்துக்கு மதிப்பில்லை என்பதல்ல எங்கள் கருத்து. எண்பது வயது அம்மாவைச் சக்கர நாற்காலியோடு தனியே அனுப்பும்போது, நடுச்சாமத்தில் டோஹாவில் மாறுவதற்கும் ஒரே விமானத்தில் போய் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் காசில் அளக்க முடியாதது. 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலம் மூடியபோது எத்தனை பேர் வழியில் அகப்பட்டார்கள் என்று இங்குள்ள சிலருக்குத் தெரியும். மாறும் இடம் ஒன்றில் எல்லோரும் தங்கியிருந்தால், அந்த இடத்துக்கு வரும் காய்ச்சல் எல்லோருக்கும் வரும்.

நம் நாட்டுப் பாதையே பட்ட அடிகளை நினைத்தால், அது இன்றைக்கும் பறப்பது அதிசயம்தான். 1979 செப்டெம்பர் முதலாம் திகதி, சிங்கப்பூரிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 விமானங்களோடு எயார் லங்கா தொடங்கியது. 1986 மே 3ஆம் திகதி, லண்டன் கட்விக்கில் இருந்து சூரிச், துபாய் வழியாக வந்து மாலைதீவுக்குப் போகவிருந்த ட்ரைஸ்ரார் விமானம் கட்டுநாயக்காவில் குண்டு வெடித்துச் சிதறியது. இருபத்தொரு பேர் இறந்தார்கள். 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்கா தாக்குதலில் விமானங்கள் பல எரிந்தன. அதற்குப் பிறகு லண்டன் காப்புறுதிக்காரர் போட்ட யுத்த ஆபத்துக் கட்டணம் இருக்கிறதே, அது ஒவ்வொரு ரிக்கற்றிலும் ஏறியது. யுத்தத்தின் கணக்கு எங்கெல்லாம் எழுதப்பட்டதென்று பாருங்கள்: ஊரில் ஒருவிதம், நம் ரிக்கற்றில் இன்னொரு விதம். 2022இல் நாட்டில் எரிபொருளே இல்லாமல் போனது. வீதியில் ஓட்டோக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அதே நாட்களில், கொழும்பில் இருந்து புறப்பட்ட நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. ஒரு தடவை கூடுதலாக இறங்கி ஏறுவதற்கு இறங்குகட்டணம் வேறு, எண்ணெய் வேறு, விமானிகளின் வேலை நேரம் வேறு. அப்படியும் அந்தப் பாதைகளை விடவில்லை. விட்டிருந்தால் ஹீத்ரோவில் இறங்கும் நேரமும் கையை விட்டுப் போயிருக்கலாம். அங்கே ஒதுக்கப்பட்ட நேரங்களில் 80 வீதத்தையாவது பாவிக்காவிட்டால் பறிபோய்விடும் என்பது விதி. அதிகாலையில் ஹீத்ரோவில் இறங்கும் ஒரு சோடி நேரத்துக்கு 2016இல் ஓமான் எயார் 75 மில்லியன் டொலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. ஓடாத நாளுக்கும் விலை உண்டென்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இப்போது மனதுக்குச் சங்கடமான ஒன்றைச் சொல்லப் போகிறோம். நட்டத்தில் ஓடும் பாதையை யார் தாங்குகிறார்கள்? தனியார் நிறுவனமென்றால் பங்குதாரர். அரச நிறுவனமென்றால் திறைசேரி. ஸ்ரீலங்கனுக்காக அரசு உத்தரவாதத்தோடு எடுத்த 175 மில்லியன் டொலர் பிணைமுறியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். திறைசேரியின் காசு எங்கிருந்து வருகிறது? பருப்பிலும் மண்ணெண்ணெயிலும் வரி கட்டும் மனிதரிடமிருந்து. நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் பெண் தன் வாழ்நாளில் விமானம் ஏறமாட்டாள். ரொறன்ரோவில் இருந்து நாம் ஒரு நிறுத்தம் குறைவாக வருவதற்கு அவளிடம் காசு வாங்கலாமா? நேர் விமானம் வேண்டுமென்று கையெழுத்து வேட்டை நடத்தவிருந்த கிளைக்கு எங்கள் பணிவான வேண்டுகோள்: அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்.

பலாலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கி, 2020இல் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. இப்போது சென்னைக்கும் திருச்சிக்கும் இண்டிகோவின் சிறு விமானங்கள் ஓடுகின்றன. லண்டன் விமானம் நேரே பலாலியில் இறங்கும் நாளைப் பற்றி எங்களிடம் கேட்காதீர்கள். ஆனால் சென்னைக்கு நெடுந்தூர விமானத்தில் வந்து அங்கிருந்து பலாலிக்கு மாறும் வழி, ஏ-9 வீதியில் எட்டு மணித்தியாலம் குலுங்க முடியாத வயதில் இருக்கும் அக்காமாருக்கு உண்மையில் உதவும். இந்திய விசா விடயத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, செயற்குழு எங்களிடம் கேட்ட கேள்வி. விழாவுக்கு எந்த மாதம்? வழக்கமாக நம் ஒன்றுகூடல்கள் ஓகஸ்டில்தான் நடக்கின்றன. அதைப் புரட்டாதிக்கு மாற்றும்படி கேட்கிறோம். நவராத்திரிக்குக் கல்லூரியில் வாணி விழா நடக்கும். மாணவிகள் மண்டபத்தில் இருப்பார்கள். ஓகஸ்டில் வந்தால் பூட்டிய வகுப்பறையைத்தான் பார்ப்போம். பிரித்தானியப் பள்ளி விடுமுறை முடிந்திருக்கும், ஐரோப்பியரின் குளிர்காலக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. விமான நிறுவனங்களுக்கு ஆள் தேவைப்படும் காலம் அது. நம்மில் பெரும்பாலானோர் ஓய்வு பெற்றுவிட்டோம், நம் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். நம்மை ஓகஸ்டோடு கட்டி வைத்திருப்பது பழக்கம் மட்டும்தான். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து ஒரே விமானத்தில் வந்தால் பொதுவாகக் குழு விலை கேட்கலாம். பெயர்களைப் பிறகு கொடுத்தாலும் ஆசனங்களைப் பிடித்து வைப்பார்கள். கிளைச் செயலாளர்கள் தை மாதத்துக்குள் தொகையை மட்டும் சொன்னால் போதும், எந்த நிறுவனத்திடம் கேட்பது, எந்தக் கிழமை நாள் மலிவு என்பதை நாங்கள் இருவரும் பார்த்துத் தருகிறோம். பிரித்தானியாவில் படிப்பிக்கும் நம் தங்கைமார் தவணை நடுவில் வர முடியாது என்பது தெரியும். அவர்களுக்காக ஓகஸ்டில் ஒரு தேநீர் விருந்தையும் வைத்துவிடலாம். அதிபரிடம் மண்டபத் திறப்பைக் கேட்டிருக்கிறோம், தருவதாகச் சொல்லியிருக்கிறார்.